1914-ல் முதல் உலகப் போர் எப்படி மூண்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் உலகப் போரின் காரணங்களை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த கையோடு மறந்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். பிறகு பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர உட்காரும்போது, "அது சரி, எங்கோ ஓர் இளவரசரைச் சுட்டால் ஊர் உலகமெல்லாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?" என்று சந்தேகம் வந்துவிடுகிறது. அப்படி என்னிடம் கேட்கப்பட்டவற்றில் அடிக்கடி வருபவை இவை. 1914 ஜூன் தொடங்கி அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் பேசுகிறேன். அதற்கு அப்புறம் நடந்தது வேறு கதை, பெரிய கதை.

ஓர் இளவரசரைச் சுட்டதற்காகவா இவ்வளவு பெரிய போர்?

சுட்டதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வதுதான் சரி. ஐரோப்பாவின் நடுவில் அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரி என்று ஒரு பேரரசு இருந்தது. ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்துக்காரர், குரோட், செர்பியர் என்று பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே குடையின் கீழ். குடை பிடித்திருந்த பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃபுக்கு வயது 83. 1848-லிருந்து அரியணையில் இருப்பவர். தெற்கே பக்கத்து நாடு செர்பியா. 1912, 1913 பால்கன் போர்களில் ஜெயித்துத் தன் நிலப்பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் செர்பியர்களும் மற்ற தென் ஸ்லாவியர்களும் ஒருநாள் தன்னோடு சேருவார்கள் என்பது அதன் கனவு. 1908-ல் போஸ்னியாவை ஆஸ்திரியா தன்னோடு இணைத்துக்கொண்டபோது அந்தக் கனவில் மண் விழுந்தது.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ராணுவத் தலைமைத் தளபதி கொன்ராட் பல ஆண்டுகளாகவே செர்பியாவை அடித்துப் போட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். "வேண்டாம், செர்பியாவுக்குத் துணையாக ரஷ்யா உள்ளே வந்துவிடும்" என்று அவரை அடக்கி வைத்தவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆள்தான்.

அன்றைக்குப் போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் என்னதான் நடந்தது?

1914 ஜூன் 28, ஞாயிற்றுக்கிழமை காலை. 1389-ல் கொசோவோவில் துருக்கியரோடு நடந்த போரைச் செர்பியர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள். ஆஸ்திரிய இளவரசர் போஸ்னியாவுக்கு ஊர்வலம் வர அதைவிட மோசமான நாள் கிடைக்காது. அவரும் மனைவி சோஃபியும் மேல்மூடியை மடித்துவிட்ட காரில் ஆற்றங்கரைச் சாலை வழியாக நகர மண்டபத்துக்குப் போகிறார்கள். வழிநெடுக ஆறு பேர் குண்டும் கைத்துப்பாக்கியுமாக நிற்கிறார்கள்; பெரும்பாலும் மீசை முளைக்காத பையன்கள். முதலில் நின்றவனுக்குக் கை எழவில்லை. சாப்ரினோவிச் என்ற அச்சுக்கோக்கும் பையன் குண்டை வீசினான். அது மடித்த மேல்மூடியில் பட்டுத் தெறித்து, பின்னால் வந்த காருக்கு அடியில் வெடித்தது. அவன் சயனைடை விழுங்கிவிட்டு ஆற்றில் குதித்தான். விஷம் வேலை செய்யவில்லை. கோடைக்காலம், ஆற்றில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நகர மண்டபத்தில் மேயர், எழுதி வைத்திருந்த வரவேற்புரையை ஒன்றுமே நடக்காத மாதிரி படிக்க ஆரம்பித்தார். விருந்தாளியாக வந்தவனுக்குக் குண்டு வீச்சா என்று இளவரசர் பொரிந்து தள்ளினார். பிறகு ஆறி, காயம்பட்ட அதிகாரியை மருத்துவமனையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். அதற்கு ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகப் போக வேண்டும். இதை எல்லோரும் பேசி முடிவு செய்தார்கள். ஓட்டுநரிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவர் பழைய திட்டப்படி லத்தீன் பாலத்துக்கு எதிரே வலது பக்கம் திருப்பினார். காரில் இருந்த மாகாண ஆளுநர் போட்டியோரெக் "இது வழியில்லை" என்று கத்த, பின்னால் எடுப்பதற்காக வண்டி நின்றது.

நின்ற இடத்தில், கடை வாசலில், காவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தான். வயது 19. இரண்டே தோட்டா. ஒன்று இளவரசரின் கழுத்தில், இன்னொன்று சோஃபியின் வயிற்றில். சிறிது நேரத்தில் இருவரும் இறந்துவிட்டார்கள்.

அப்போது அவன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாமே?

கட்டுக்கதை. அண்மைக் காலத்தில் கிளம்பியது. விசாரணையில் அப்படி எதுவும் வரவில்லை.

பிரின்சிப்பைத் தூக்கில் போட்டார்களா?

இல்லை. இருபது வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே மரண தண்டனை கிடையாது. 20 ஆண்டு சிறை கொடுத்தார்கள். தெரேசியன்ஷ்டட் கோட்டைச் சிறையில் எலும்புருக்கி நோய் தின்று, ஒரு கையையும் வெட்டி எடுத்து, 1918 ஏப்ரலில் செத்தான். அவன் சாகும்போது போர் நடந்துகொண்டுதான் இருந்தது.

செர்பிய அரசுக்கு இதில் கை உண்டா?

அரசு என்று யாரைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. துப்பாக்கியும் குண்டும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்தவை. ஏற்பாட்டின் பின்னால் இருந்தது 'கறுப்புக் கை' என்ற ரகசிய அமைப்பு. அதன் மூளையான கர்னல் டிமிட்ரியெவிச், செர்பிய ராணுவ உளவுத் துறையின் தலைவர். ஆனால் அவருக்கும் பிரதமர் பாஷிச்சுக்கும் ஏழாம் பொருத்தம். பையன்கள் சிலர் ஆயுதத்தோடு எல்லை தாண்டியிருக்கிறார்கள் என்ற செய்தி பிரதமர் காதுக்கு எட்டியிருந்தது. அதை வைத்து அவர் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அரசு திட்டமிட்டுக் கொன்றது என்று சொல்ல ஆதாரம் போதாது; அரசுக்குள் இருந்தவர்களுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது.

கொலை ஜூன் 28. போர் ஆகஸ்ட். நடுவில் ஒரு மாதம் என்ன செய்தார்கள்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கொலை நடந்ததிலிருந்து பிரிட்டன் போரில் இறங்கிய நாள் வரை 37 நாள். அதில் முதல் நான்கு வாரம் சாவகாசமாகப் போயிற்று. கடைசி ஒரு வாரத்தில் யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. போரைப் பற்றி நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

ஜூலை 5-ஆம் தேதி ஆஸ்திரியத் தூதர் ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்மைப் பார்த்தார். நீங்கள் செர்பியாவை என்ன செய்தாலும் நாங்கள் உங்கள் பக்கம் என்று கைசர் வாக்குக் கொடுத்தார். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை என்று பின்னால் எல்லோரும் இதைச் சொன்னார்கள். மறுநாளே அவர் வழக்கமான கோடை விடுமுறைக்கு நார்வே பக்கம் கப்பலில் கிளம்பிவிட்டார்.

வியன்னாவோ அவசரப்படவில்லை. ஹங்கேரியப் பிரதமர் டிசா முதலில் சம்மதிக்கவில்லை. சிப்பாய்கள் பலர் அறுவடை விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்கள். அப்புறம் பிரெஞ்சு ஜனாதிபதி புவான்கரே ரஷ்யத் தலைநகருக்கு வந்திருந்தார். அவர் இருக்கும்போது ஓலையை அனுப்பினால் ரஷ்யாவும் பிரான்சும் உட்கார்ந்து பேசி ஒரே குரலில் பதில் சொல்லிவிடும். ஆகவே அவர் கப்பலேறும் வரை காத்திருந்து, ஜூலை 23 மாலை 6 மணிக்குத்தான் பெல்கிரேடில் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தார்கள். கெடு 48 மணி நேரம்.

செர்பியா அதை ஏற்கவில்லையா?

ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பியாவுக்குள் வந்து குற்ற விசாரணையில் கலந்துகொள்வார்கள் என்ற ஒன்றை மட்டும், எங்கள் சட்டத்துக்கே விரோதம் என்று மறுத்தது. மற்றவற்றுக்குச் சரி என்றோ, சரி மாதிரியோ பதில்.

ஜூலை 25 மாலை நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பதிலைக் கடைசி நிமிடம் வரை அடித்துத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். கெடு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரதமர் பாஷிச்சே அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதரகத்துக்குப் போனார். தூதர் கீஸல் அதற்குள் பயண உடுப்பில் இருந்தார், பெட்டிகள் கட்டியாகிவிட்டன. பதிலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, தயாராக வைத்திருந்த உறவு முறிவுக் கடிதத்தை அனுப்பிவிட்டு, ஆறரை மணி ரயிலைப் பிடித்துவிட்டார். பதில் என்னவாக இருந்திருந்தாலும் அந்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வேடிக்கை என்னவென்றால், விடுமுறையிலிருந்து திரும்பிய கைசர் 28-ஆம் தேதி காலை செர்பியாவின் பதிலைப் படித்துவிட்டு, இனிப் போருக்கான காரணமே இல்லை என்று குறிப்பு எழுதினார். அது வியன்னாவுக்குப் போய்ச் சேருவதற்குள், அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி மூலம் போரை அறிவித்துவிட்டது.

பாடப்புத்தகத்தில் ராணுவவாதம், கூட்டணிகள், ஏகாதிபத்தியம், தேசியவாதம் என்று நான்கு காரணங்கள் இருக்கிறதே?

இருக்கட்டும், நான்கும் உண்மைதான். தேர்வில் அதையே எழுதுங்கள். ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி: 1882-ல் ஏற்பட்ட முக்கூட்டு ஒப்பந்தம். மறுபக்கம் பிரான்சும் ரஷ்யாவும் 1894-லிருந்து கூட்டாளிகள். பிரிட்டன் 1904-ல் பிரான்சோடும் 1907-ல் ரஷ்யாவோடும் பழைய தகராறுகளைத் தீர்த்துக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்தது. 1871-ல் ஜெர்மனியிடம் பறிகொடுத்த அல்சேஸ்-லொரேனை பிரான்ஸ் மறக்கவில்லை. 1906-ல் பிரிட்டன் 'டிரெட்நாட்' போர்க்கப்பலை இறக்கியதும் ஜெர்மனியும் போட்டிக்கு அதே வகைக் கப்பல்களைக் கட்டத் தொடங்கியது.

ஆனால் இதெல்லாம் 1911-லும் இருந்தது, 1913-லும் இருந்தது. அப்போது ஏன் உலகப் போர் வரவில்லை? மொராக்கோவை வைத்து 1905-லும் 1911-லும் முட்டிக்கொண்டார்கள். போஸ்னியாவை வைத்து 1908-ல். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கடைசி நேரத்தில் இறங்கி வந்தார்கள். இறங்கி வந்தவர் வீட்டுக்குப் போய், அடுத்த தடவை விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். 1909-ல் போஸ்னியா விஷயத்தில் தலைகுனிந்த ரஷ்யா இன்னொரு முறை குனியத் தயாராக இல்லை. 1911-ல் மொராக்கோவில் நினைத்தது கிடைக்காத ஜெர்மனியும் அப்படித்தான். ஆஸ்திரியாவுக்கோ, இப்போதும் விட்டால் பேரரசு என்று சொல்லிக்கொள்ளவே முடியாது என்ற பயம். 1914 ஜூலையில் இறங்கி வர ஆள் மிச்சமில்லை.

மூன்று ராஜாக்களும் உறவுக்காரர்கள் என்கிறார்களே?

ஆமாம். பிரிட்டனின் ஐந்தாம் ஜார்ஜும் ஜெர்மன் கைசரும் விக்டோரியா மகாராணியின் பேரன்கள். ஜார்ஜின் அம்மாவும் ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸின் அம்மாவும் டென்மார்க் ராஜாவின் மகள்கள், கூடப் பிறந்தவர்கள். நிக்கோலஸின் மனைவியும் விக்டோரியாவின் பேத்தி. கைசரும் ஜாரும் ஜூலை 29 முதல் 'வில்லி', 'நிக்கி' என்று கையெழுத்திட்டு ஆங்கிலத்தில் ஒருவருக்கொருவர் தந்தி அடித்துக்கொண்டார்கள். ஒரு தந்தியைப் படித்த நிக்கோலஸ், முழுப் படைதிரட்டலுக்குக் கொடுத்த உத்தரவை அன்றிரவே நிறுத்தினார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் அவர் எதிரே உட்கார்ந்து பேசிப் பேசிக் கரைத்து, மறுபடியும் சம்மதம் வாங்கிவிட்டார். அது ஜூலை 30. பங்காளிப் பாசம் ஒரு ராத்திரிதான் தாங்கியது.

ரஷ்யா படை திரட்டினால் திரட்டட்டும். ஜெர்மனி ஏன் உடனே பாய வேண்டும், அதுவும் பிரான்ஸ் மேல்?

ரயில் அட்டவணை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கிழக்கே ரஷ்யா, மேற்கே பிரான்ஸ் என்று இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சண்டை போட முடியாது என்பது ஜெர்மனியின் பழைய கவலை. ரஷ்யா பெரிய நாடு, ரயில் பாதை குறைவு, படை வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள், சுமார் ஆறு வாரத்தில், பிரான்சை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்பலாம். பிரெஞ்சு எல்லையில் கோட்டைகள் இருப்பதால் பெல்ஜியம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். முன்னாள் தளபதி ஷ்லீஃபன் போட்ட திட்டம் இது. 1914-ல் தலைமைத் தளபதியாக இருந்த மோல்ட்கே அதைத் திருத்தி வைத்திருந்தார். இதில் ஒவ்வொரு நாளும் கணக்கு. ரஷ்யா திரட்டத் தொடங்கிய கணத்திலிருந்து ஜெர்மனிக்குக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. மற்ற நாடுகள் படையைத் திரட்டிவிட்டு எல்லையில் நிறுத்திப் பேச்சு நடத்தலாம். ஜெர்மனியின் திட்டத்தில் படைதிரட்டல் என்றாலே பெல்ஜியத்துக்குள் நுழைவதுதான்.

ஆகஸ்ட் 1 மாலை பெர்லினில் நடந்தது இதைச் சரியாகக் காட்டும். ரஷ்யா மேல் போர் அறிவித்தாயிற்று. அந்த நேரத்தில் லண்டனிலிருந்த ஜெர்மன் தூதரின் தந்தி வருகிறது: பிரான்சைத் தொடாமல் இருந்தால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் போலிருக்கிறது. கைசருக்கு ஒரே சந்தோஷம். மோல்ட்கேயைக் கூப்பிட்டு, அப்படியென்றால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்பிவிடலாம் என்றார். மோல்ட்கே முடியாது என்றார். லட்சக்கணக்கான ஆட்களின் நகர்வை நின்ற இடத்தில் மாற்ற முடியாது. மாற்றினால் போய்ச் சேருவது படையாக இருக்காது, சோறில்லாத கும்பலாக இருக்கும். "உங்கள் பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்" என்று கைசர் குத்தினார். 1870-ல் பிரான்சை வென்ற மூத்த மோல்ட்கேதான் அந்தப் பெரியப்பா. இரவு ஐந்தாம் ஜார்ஜின் தந்தி வந்தது: அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, ஏதோ தவறான புரிதல். படுக்கையிலிருந்து எழுந்து மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற கைசர், இனி உங்கள் இஷ்டம் என்று மோல்ட்கேயிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆகஸ்டில் கொலோன் நகரத்து ரைன் பாலத்தில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு ராணுவ ரயில் மேற்கே போனது.

பிரிட்டன் ஏன் உள்ளே வந்தது?

வெளியில் சொன்ன காரணம் பெல்ஜியம். அதன் நடுநிலையைக் காப்பதாக 1839-ல் பிரிட்டனும் பிரஷ்யாவும் சேர்ந்தே கையெழுத்திட்டிருந்தன. ஆகஸ்ட் 4 காலை ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவு 11 மணிக்குக் கெடு முடிந்ததும் பிரிட்டன் போரில் இருந்தது. ஒரு காகிதத் துண்டுக்காகவா எங்களோடு மோதுகிறீர்கள் என்று ஜெர்மன் பிரதமர் பெத்மன் ஹோல்வெக் பிரிட்டிஷ் தூதரிடம் ஆதங்கப்பட்டார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே பிரிட்டன் போர் முழுக்கப் பிரச்சாரம் செய்தது. உள்ளே இருந்த காரணம், ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கக் கடற்கரை முழுவதும் ஜெர்மனி கைக்குப் போனால் தன் கடலாதிக்கம் போய்விடும் என்ற பயம். பெல்ஜியம் இல்லாவிட்டால் பிரிட்டிஷ் அமைச்சரவை உடைந்திருக்கும் என்பதும் உண்மை. ஜூலை கடைசி வரைக்கும் அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது அயர்லாந்துப் பிரச்சினைக்காக.

இந்தியாவைக் கேட்டார்களா?

இல்லை. ராஜா போரில் இருந்தால் இந்தியாவும் போரில் இருக்கிறது. வைஸ்ராய் ஹார்டிங் அறிவித்தார், அவ்வளவுதான். காங்கிரஸ் உட்படப் பெரும்பாலான தலைவர்கள் விசுவாசத்தைத் தெரிவித்தார்கள். பிரதிபலன் கிடைக்கும் என்று நம்பினார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து போர் மூண்ட சமயத்தில் லண்டனில் வந்து இறங்கிய காந்தி, அங்கிருந்த இந்தியர்களைச் சேர்த்து மருத்துவ உதவிக் குழு ஒன்றைத் தொடங்கினார்.

முதல் சில வாரங்களில் போர் எப்படிப் போனது?

ஜெர்மனிக்குச் சாதகமாக, ஆனால் எல்லோரும் எதிர்பார்த்ததைவிடக் கொடூரமாக. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சுற்றி 12 கோட்டைகள். இரண்டு நாளில் விழும் என்று எதிர்பார்த்தார்கள். 42 சென்டிமீட்டர் வாயுள்ள க்ரூப் பீரங்கிகளைக் கொண்டுவந்து கான்கிரீட்டைப் பிளந்த பிறகுதான், ஆகஸ்ட் 16-ல் கடைசிக் கோட்டை விழுந்தது. மறைந்திருந்து சுடுகிறார்கள் என்ற பீதியில் ஜெர்மன் படை ஊர் ஊராகப் பொதுமக்களைச் சுட்டது. தினான் என்ற சிற்றூரில் மட்டும் 674 பேர். லூவேன் நகரில் பல்கலைக்கழக நூலகத்தை எரித்தார்கள்.

பிரெஞ்சுப் படை நீலக் கோட்டும் சிவப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு லொரேனிலும் ஆர்டென் காடுகளிலும் முன்னேறியது. தாக்குதல், தாக்குதல், மேலும் தாக்குதல் என்பது அவர்கள் சித்தாந்தம். எதிரே இயந்திரத் துப்பாக்கி. ஆகஸ்ட் 22 ஒரே நாளில் செத்த பிரெஞ்சு வீரர்கள் சுமார் 27,000. பிரான்சின் வரலாற்றில் அதைவிட ரத்தம் சிந்திய நாள் இல்லை.

கிழக்கே ரஷ்யா எதிர்பார்த்ததற்கு முன்பே ஜெர்மனிக்குள் நுழைந்தது. மோல்ட்கே பயந்து மேற்கிலிருந்து 'கோர்' எனப்படும் பெரிய படைப்பிரிவுகள் இரண்டைக் கிழக்கே அனுப்பினார். அவை போய்ச் சேருவதற்குள் ஜெர்மன் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும் டானன்பெர்க்கில் ரஷ்யாவின் ஒரு முழுப் படையைச் சுற்றி வளைத்து முடித்துவிட்டார்கள். ரஷ்யர்கள் சங்கேதம் இல்லாமலே வயர்லெஸ்ஸில் உத்தரவுகளை அனுப்பிக்கொண்டிருந்தது பெரிய உதவி. சுமார் 92,000 பேர் சிறைப்பட்டார்கள். தளபதி சாம்சனோவ் காட்டுக்குள் போய்த் தன்னையே சுட்டுக்கொண்டார். கிழக்கே தேவைப்படாத அந்த இரண்டு கோர்கள், மேற்கே தேவைப்பட்டபோது இல்லை.

பாரிஸ் எப்படித் தப்பியது? டாக்சிகள் காப்பாற்றியதாகச் சொல்கிறார்களே?

டாக்சி உண்மை, காப்பாற்றியது மிகை. பாரிஸ் ஆளுநர் காலியேனி சுமார் 600 டாக்சிகளில் சில ஆயிரம் வீரர்களை அனுப்பினார்; மீட்டர் ஓடியது, அரசு பணம் கொடுத்தது. மார்ன் நதிக்கரைச் சண்டையில் மோதியவர்கள் லட்சக்கணக்கில். உண்மையில் நடந்தது, வலது கோடியில் இருந்த ஜெர்மன் தளபதி க்ளுக், பாரிஸைச் சுற்றாமல் அதற்குக் கிழக்கே திரும்பியது. அதனால் அவருடைய பக்கவாட்டு திறந்துவிட்டது. அவருடைய ஆட்கள் ஒரு மாதமாகக் கொளுத்தும் வெயிலில் தினமும் முப்பது கிலோமீட்டர் வரை நடந்து வந்தவர்கள். சாப்பாடு பின்தங்கிவிட்டது, குதிரைகள் விழுந்துகொண்டிருந்தன. எல்லையில் அடிவாங்கிப் பின்வாங்கிய பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ர் கலங்காமல் படையைத் திருப்பி நிறுத்தி, செப்டம்பர் 6-ல் அடித்தார். சில நாளில் ஜெர்மனி, எய்ன் (Aisne) என்ற நதியின் கரைக்குப் பின்வாங்கியது. மோல்ட்கே உடைந்துபோனார். செப்டம்பர் 14-ல் அவருடைய இடத்துக்கு ஃபால்கன்ஹைன் வந்தார்.

பதுங்குகுழிச் சண்டை எப்போது வந்தது?

அப்போதுதான். பின்வாங்கியவர்கள் மேட்டில் குழி தோண்டி உட்கார்ந்தார்கள். எதிரே வந்தவர்களும் தோண்டினார்கள். ஒருவரை ஒருவர் பக்கவாட்டில் சுற்ற முயன்று வடக்கே வடக்கே போய்க் கடலில் முட்டிக்கொண்டார்கள். பெல்ஜியர்கள் நியூபோர்ட்டில் மதகுகளைத் திறந்துவிட்டுக் கடல்நீரை வயலில் பாய்ச்சினார்கள். நவம்பரில் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை சுமார் 700 கிலோமீட்டருக்கு ஒரே குழி வரிசை. ஆறு வாரத் திட்டம் அங்கே புதைந்தது.

ஐரோப்பியச் சண்டை உலகப் போர் ஆனது எப்படி?

காலனிகள் வழியாக. ஜப்பான் ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனி மேல் போர் அறிவித்து, நவம்பரில் சீனாவிலிருந்த சிங்தாவோவைப் பிடித்தது. அக்டோபர் கடைசியில் துருக்கிக் கப்பல்கள் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன. துருக்கி ஜெர்மனி பக்கம் வந்தது. கூட்டாளி என்று கையெழுத்திட்டிருந்த இத்தாலி மட்டும் நடுநிலை என்று ஒதுங்கி, அடுத்த ஆண்டு எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

நம் சிப்பாய்கள் எங்கே சண்டை போட்டார்கள்?

லாகூர் டிவிஷன் செப்டம்பர் கடைசியிலும் மீரட் டிவிஷன் அக்டோபரிலும் பிரான்சின் மார்சே துறைமுகத்தில் இறங்கின. கோடை உடுப்போடு வந்தவர்களை அக்டோபரில் பெல்ஜியத்தின் ஈப்ர் பக்கத்துச் சேற்றில் நிறுத்தினார்கள். 31-ஆம் தேதி ஹோலபெக்கில் தன் குழுவில் எல்லோரும் விழுந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடாத குதாதாத் கான், விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய்.

அதிகம் பேசப்படாத இன்னோர் இடம் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா. பெயரைக் கேளுங்கள்: 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. சென்னை மாகாணத்துப் பழைய படைப்பிரிவு. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, வாந்தி எடுத்து எடுத்துக் களைத்தவர்களை நவம்பர் தொடக்கத்தில் கரையில் இறக்கி, முன்பின் தெரியாத ரப்பர் தோட்டங்களுக்குள் அனுப்பினார்கள். எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கின் ஆட்கள் சுமார் ஆயிரம் பேர், இவர்கள் எட்டாயிரம். இயந்திரத் துப்பாக்கி முழங்கியதும் வரிசை சிதறியது. போதாததற்குக் குண்டு பட்டுக் கலைந்த தேனீக்கள் இரண்டு தரப்பையும் கொட்டித் தீர்த்தன. பிரிட்டிஷ் அதிகாரிகள் சிப்பாய்களைக் கோழைகள் என்று திட்டி எழுதினார்கள். உளவு பார்க்காமல், வருகிறோம் என்று முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டு இறங்கியது யார் தப்பு என்பதை அவ்வளவு உரக்க எழுதவில்லை.

'எம்டன்' என்று சொல்வது இந்தப் போரிலிருந்து வந்ததுதானா?

ஆமாம். "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர். நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி நடித்து, வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வரிசையாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னைக்கு எதிரே வந்து நின்று, தேடுவிளக்கை அடித்து, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அரை மணி நேரத்தில் சுமார் 125 குண்டு. தொட்டிகள் எரிந்தன, சிலர் இறந்தார்கள். கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டதில் எதுவும் கப்பல் மேல் படவில்லை. மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். ராணுவ ரீதியாகப் பெரிய சேதம் இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் கடலில் வெள்ளைக்காரனையே ஏமாற்றலாம் என்பதைச் சென்னை பார்த்துவிட்டது. சொல் அகராதியில் ஏறிவிட்டது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது.

செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பார்கள். அந்தக் காலத்தில் அவர் ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காக வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் இருந்ததற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

கடைசியில் தப்பு யார் மேல்?

இன்னும் வரலாற்றாசிரியர்கள் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், போரை விரும்பிக் கேட்டது வியன்னா, விலை பார்க்காமல் சரி என்றது பெர்லின். முதல் பங்கு இந்த இரண்டுக்கும். முழுப் படைதிரட்டலுக்கு முதலில் கை வைத்த ரஷ்யாவையும், அதைத் தடுக்காத பிரான்சையும், கடைசி வரை எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லாத பிரிட்டனையும் அப்படியே விட்டுவிட முடியாது. எதிராளி பயந்து பின்வாங்குவான் என்று ஐந்து பேரும் நம்பினார்கள்.

கிறிஸ்துமஸுக்குள் வீடு திரும்புவோம் என்று நம்பினார்களாமே?

பலர் நம்பினார்கள். கிறிஸ்துமஸ் வந்தபோது பிரான்சில் மட்டும் சுமார் மூன்று லட்சம் பேர் செத்திருந்தார்கள். அன்றைக்கு ஃபிளாண்டர்சில் சில இடங்களில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் குழியை விட்டு வெளியே வந்து பாட்டுப் பாடினார்கள், சிகரெட்டும் சட்டைப் பொத்தானும் மாற்றிக்கொண்டார்கள், நடுவில் கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள். மேலதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் நினைவூட்ட இங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில், எம்டன் குண்டு விழுந்த இடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மெரினாவின் வடக்குக் கோடியில் இருக்கும் போர் நினைவுச் சின்னமும் இந்தப் போருக்காகக் கட்டியதுதான். எனக்குப் பிடித்தது வேலூர் லாங் பஜாரில் கடைகளுக்கு நடுவே நிற்கும் மணிக்கூண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கிறது. பெயர்கள் இல்லை.